எது கம்மியாகத் தின்னுது

முனிரத்தினம் லாட்ஜ், மாடிப்படிக்கு அடியில்
மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின்,
எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் ஒருத்தி.

வேலூர்க் கத்திரி வெயில்.
சி.பி.யு.வின் மேல் கை வைத்தால்
காய்ச்சல்காரன் நெற்றி.
“இன்னாம்மா இது, ஒரு டிக்கெட் போட
அர மணி நேரமா சுத்திக்கினே கீது?
ராம் வாங்கெல்லாம் துட்டு இல்ல.
எது கம்மியா துன்னுதோ
அத்த மட்டும் வெச்சிக்கினு
மிச்சத்தத் தூக்கிப் போடு” என்றார் முதலாளி.

பழைய ரூம் ரிஜிஸ்டரின் பின்பக்கம்
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்.
யாருக்கும் ஓரவஞ்சனை இல்லை, எல்லாருக்கும் ஒரே ஆறு பக்கம்:
ஆஸ்பத்திரி அப்பாயிண்ட்மெண்ட்,
காட்பாடியிலிருந்து ஹௌரா,
மெயில், பேங்க், மேப்,
சத்தத்தை அணைத்த ஒரு வங்காள நாடகம்.
பத்து நிமிடம் விட்டு எடை போட்டேன்.

குரோம், ஆயிரத்து இருநூற்றுப் பதினெட்டு எம்.பி.
ஒரு நோயாளிக்குத் துணையாக ஐந்து பேர் வந்து
ஆளுக்கொரு ரூம் கேட்கிற குடும்பம்.
தனிக் கதவு, தனித் தாழ்ப்பாள்.
ஒருவர் மயங்கி விழுந்தாலும்
பக்கத்து அறைக்குச் சேதி போகாது.

ஃபயர்பாக்ஸ், தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு.
இரண்டு ரூமில் பாய் விரித்து
நெருக்கியடித்துப் படுக்கிற கூட்டம்.
ஒருத்தர் இருமினால்
அடுத்த பாய் புரண்டு படுக்கும்.

ஓபரா, தொள்ளாயிரத்துச் சொச்சம்.
பஸ் ஸ்டாண்டிலிருந்தே பின்தொடரும் ரூம் புரோக்கர்களை
வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.
அந்த மிச்சம்தான் அது.

எட்ஜ், எண்ணூற்று எழுபத்து நான்கு.
டீ குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், அறுநூற்றுப் பத்து.
யாரும் தொடாத பக்கங்களைத்
தட்டிக்கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறது.

இன்னொரு பத்தியும் பார்த்தேன்,
பிடித்து வைத்த இடம் எவ்வளவு என்று.
அங்கே எல்லாருமே பாலாறு.
கரைக்குக் கரை அவ்வளவு அகலம்,
நடுவில் கால் நனையாது.

எட்ஜ் ஜெயித்தது.
மற்ற மூன்றையும் அன்றைக்கே காலி செய்தேன்,
முதலாளி எனக்கொரு மசால் வடை வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் புருலியாவிலிருந்து ஹரேன் மஹதோ,
இரண்டாம் மாடி, பதினேழாம் நம்பர்.
மனைவிக்கு ஏதோ படிவம்.
ஒற்றை விரலால் நாற்பது நிமிடம்.
வலி எப்போதிலிருந்து என்ற கட்டத்தில் நின்றுவிட்டார்.
காளி பூஜைக்கு அடுத்த வாரம் என்றார்
எனக்குப் பாதி புரிகிற இந்தியில்.
நான் குனிந்து நவம்பர் என்று அடித்துக் கொடுத்தேன்.
அப்போதுதான் வார்டிலிருந்து போன்.
“இதை மூடாதீங்க” என்று கையால் காட்டிவிட்டு ஓடினார்.

மூடவில்லை.
அதே மெஷினில் மூன்று பேருக்கு டிக்கெட்,
ஒரு பையனுக்கு ஹால் டிக்கெட்,
ஒரு ஸ்கேன் ரிப்போர்ட், பதினாறு பக்கம்.

இரண்டரை மணி நேரம் கழித்து வந்து உட்கார்ந்தார்.
தொட்டதும் பக்கம் விழித்தது,
வெளுத்தது,
முதலிலிருந்து வந்தது.
எல்லாக் கட்டமும் துடைத்த பலகை.

கத்தியிருந்தால் பரவாயில்லை.
சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து
மறுபடி மாட்டிக்கொண்டு
ஹெச் எங்கே இருக்கிறதென்று தேட ஆரம்பித்தார்.
வலிக் கட்டம் வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார்:
எந்த மாசம் எழுதினோம்?

நவம்பர், என்றேன்.

அன்று இரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
குரோமைத் திரும்ப ஏற்றினேன்.
ஃபேன் இரைகிறது, இரையட்டும்.
ரிஜிஸ்டரில் அறுநூற்றுப் பத்துக்கு நேரே
பென்சிலால் ஒரு கேள்விக்குறி.
செகண்ட் ஹேண்ட் ராம் எண்ணூறு ரூபாயாம்,
விசாரித்துவிட்டேன்.
முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை.
வடை வாங்கிக் கொடுத்த மனுஷன்.